இரண்டுக்கும் பொருந்திய லென்ஸ்

படம் எடுத்த அன்று திடலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் ஏழு பேர்: தாழையூர் தினசரி மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தலைவரும் வெங்காய மண்டி முதலாளியுமான ஆவுடையப்பன், அவருக்கு வலப்பக்கம் அவர் தம்பியும் சங்கச் செயலாளருமான தக்காளி மண்டி கொம்பையா, இடப்பக்கம் பொருளாளர் வாழைக்காய் மண்டி மைதீன் பிச்சை, இவர்களுக்கு இரு பக்கமும் உருளைக்கிழங்குக்காரர், இங்கிலீஷ் காய்க்காரர், தேங்காய் வியாபாரி பூலுடையாரின் மகன்கள் இரண்டு பேர். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் பதினொரு பேர்: கத்தரிக்காய் கோயில்பிச்சை, அவர் மனைவி அன்னத்தாய், எலுமிச்சம்பழ அண்ணன் தம்பிகள் மூன்று பேர், பழக்கடைக்காரர்கள் நான்கு பேர், முருங்கைக்காய்க்காரர், பூசணிக்காய்க்காரர். மூலைகளில் ஒன்பது பேர்: கீழே இடது மூலையில் தரையில் கீரை மாடத்தியும், மல்லி கறிவேப்பிலை விற்கும் அவள் மதினியும், கீழே வலது மூலையில் பூக்காரி செண்பகமும், நாட்டுக்கோழி முட்டை விற்கும் ராசம்மாளும், மேலே இடது மூலையில் பெஞ்சின்மேல் ஏறி வெற்றிலை வைரவனும் அவன் மாமனாரும், மேலே வலது மூலையில் அதேபோல் பெஞ்சின்மேல் கருவாட்டுச் சூசையம்மாள், அவள் மகள், பனங்கிழங்கு விற்கும் தொம்மை. ஆக இருபத்தேழு. கேமராவுக்குப் பின்னால் ஸ்டுடியோ ஜெபக்கனி. அவளுக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, நான். தேங்காய் எண்ணிக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்குக் கடை கிடையாது, அதனால் படத்தில் இடமும் கிடையாது. ஆட்களை எண்ணிச் சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள்.

யார் எங்கே நிற்க வேண்டும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே பெரியவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் பின்னால் போய் நின்றார்கள், மற்றவர்கள் மூலைக்குப் போனார்கள். நம் ஊரில் கல்யாண வீடானாலும் சரி, கட்சிக் கூட்டமானாலும் சரி, கேமரா ஒன்றை முக்காலியில் நிறுத்திவிட்டால் போதும், மனிதர்கள் தங்கள் தங்கள் தராதரத்தைத் தாங்களே எடைபோட்டு, கிராம் பிசகாமல் போய் நின்றுகொள்வார்கள்.

படம் எதற்கு என்றால், நகராட்சி புது மார்க்கெட் கட்டியிருந்தது, அதில் இருபத்தேழு கடைகள். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வந்த அதிகாரி வேதநாயகம் யாரையும் நம்பாதவர். போன ஊரில் செத்துப்போன நான்கு பேருக்குக் கடை ஒதுக்கி மாட்டிக்கொண்டவர் என்று பேச்சு. அவர் ஒரு விதி போட்டார். வியாபாரிகள் எல்லாரும் ஒன்றாக நின்று இரண்டு படம் எடுக்க வேண்டும். டிஜிட்டலில் ஒன்று, ஏனென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதைத்தான் வாங்கிக்கொள்ளும். பிலிமில் ஒன்று, ஏனென்றால் டிஜிட்டலில் யார் தலையை வேண்டுமானாலும் யார் கழுத்திலும் ஒட்டிவிடலாம். இரண்டையும் ஒரே லென்ஸில் எடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் மாறினால் முகம் மாறும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு படத்திலும் யார் முகம் தெரிகிறதோ அவருக்குக் கடை. பழைய திடல் ஸ்கூட்டர் நிறுத்தும் இடமாகப் போகிறது, மாதக் கடைசியில் வேலி.

பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் பொருந்துகிற லென்ஸ் ஒன்று வேண்டும் என்றதும் சங்கம் அதைத் தானே வாங்கித் தருவது என்று கௌரவமாக முடிவுசெய்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஜெபக்கனியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். தேங்காய் இறக்கப் போன வண்டி அது, அதனால் பின்னால் நானும் இருந்தேன். வெங்காயத்தைக் கையில் எடுக்காமலேயே தோலைப் பார்த்து எந்தச் சந்தையில் இருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர் ஆவுடையப்பன். ஆனால் கண்ணாடி அலமாரி வைத்த கடைக்குள் நுழைந்ததும் அவர் வாங்க வந்தவராக இல்லாமல் பெண் பார்க்க வந்தவராக மாறிவிட்டார். காலை அகட்டி உட்கார்ந்து காப்பி கேட்டார்.

ஜெபக்கனி இரண்டு லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று பழையது, இரும்பு உடம்பு, பல பேர் கைபட்டு எழுத்தெல்லாம் தேய்ந்தது. இன்னொன்று புதியது, பெட்டியில் தங்கக்கோடு.

"அண்ணாச்சி, இந்தப் பழசு அம்பது எம்.எம். பிலிமையும் முழுசா மூடும், டிஜிட்டலையும் மூடும். டிஜிட்டல்ல போட்டா ஆளு கிட்ட வந்தாப்புல தெரியும், அதுக்கு நான் பத்தடி பின்னால போயிக்கிடுவேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையம் லென்ஸ்லயே இருக்கு. எங்க அப்பா கேமராவுக்கு அந்த வளையம் இல்லாம ஆவாது."

கொம்பையா அதைக் கையில் வாங்கி, அடிகுழாயில் கழன்று விழுந்த பாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதப் பாத்தா அதிகாரி என்ன நினைப்பாரு? சங்கத்துக்கு வக்கில்லேன்னு நினைப்பாரு. அந்தப் புதுசு என்ன?"

"அது டிஜிட்டலுக்குன்னே செஞ்சது. லென்ஸ் உள்ள போடுதது ஒரு வட்ட வெளிச்சம், அவ்வளவுதான். டிஜிட்டலுக்குள்ள இருக்க தகடு சின்னது, வட்டத்துக்குள்ள அடங்கிடும். பிலிம் அதைவிடப் பெருசு. சின்ன தோசைய வச்சுப் பெரிய இலைய மூடுனா நாலு மூலையும் வெளிய தெரியும்லா, அப்படி. மூலையில எல்லாம் கறுத்துப் போவும்."

"மாட்டிக் காட்டு" என்றார் ஆவுடையப்பன்.

அவள் தன் அப்பாவின் பிலிம் கேமராவில் அதை மாட்டினாள். டக் என்று உட்கார்ந்தது.

"உக்காந்துட்டுல்லா?"

"உக்காரும் அண்ணாச்சி. வாய் ஒரே அளவுதான். ஆனா..."

"வாய் பொருந்துனா வயிறு பொருந்தாமலா போவும்? எடு அந்தப் பெட்டிய."

மைதீன் பிச்சை மட்டும் மெதுவாக, "மூலை கறுக்கும்னு சொல்லுதாளே தலைவரே" என்றார்.

"மூலையில யாருவே நிக்கப்போறா? நீரா நிக்கப்போறீரு?"

மைதீன் பிச்சை பணத்தை எண்ண ஆரம்பித்தார், ஜெபக்கனி பழைய லென்ஸைத் தள்ளி வைத்தாள். அவள் வாய் திறந்திருக்கலாம். ஆனால் மார்க்கெட்காரர்கள் வீட்டுக் கல்யாணமெல்லாம் அவள் ஸ்டுடியோவுக்கு வர வேண்டியவை. அழுகலை அடியில் போட்டுப் பளபளப்பை மேலே அடுக்கிக் காலமெல்லாம் விற்றவர்கள், தாங்கள் ஒரு பொருள் வாங்கும்போது மட்டும் மேலே தெரிவதே அடிவரைக்கும் இருக்கும் என்று நம்பி, தங்கக்கோடு போட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் "ரெண்டுக்கும் பொருந்துது, ரெண்டுக்கும் பொருந்துது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

வெளிச்ச வளையம் இல்லாத அந்தப் புது லென்ஸ் பழைய கேமராவில் ஏறியதும் தன் கண்ணை ஊசித்துளையாகச் சுருக்கிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது, அதனால் உச்சி வெயிலில்தான் படம் எடுக்க முடிந்தது. இருபத்தேழு பேரும் வெயிலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் பிலிம். பிறகு ஜெபக்கனி லென்ஸைக் கழற்றி டிஜிட்டலில் மாட்டி, பின்னால் நகர்ந்து, இன்னொன்று. டிஜிட்டலில் எல்லாரும் இருந்தார்கள், நான் எண்ணிச் சொன்னேன்.

பிலிமை அவள் தன் ஸ்டுடியோவின் இருட்டு அறையில் கழுவினாள். நெகட்டிவில் நான்கு மூலையும் வெறும் கண்ணாடியாக இருந்ததாம். அதைக் காகிதத்தில் இறக்கித் தட்டில் போட்டு ஆட்டியபோது மூலைகள் மெல்லக் கறுத்தன. அவை கறுத்த அதே வேளையில், பஸ் ஸ்டாண்டு தாண்டி மார்க்கெட் திடலில், பட்டப்பகலில், கீரை மாடத்திக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு வந்து உட்கார்ந்தது. அவள் மதினிக்குப் பக்கத்தில் ஒன்று, பூக்காரி செண்பகத்துக்கு ஒன்று, முட்டை ராசம்மாளுக்கு ஒன்று, வைரவனுக்கும் மாமனாருக்கும் தலைக்குமேல் ஆளுக்கொன்று, கருவாட்டுக்காரி சூசையம்மாளுக்கும் அவள் மகளுக்கும் தொம்மைக்கும் ஒவ்வொன்று. வெளிப்பக்கம் சதுரமாகவும் உள்பக்கம் அரிவாளால் அறுத்ததுபோல் வளைவாகவும் இருந்தது அது. மாடத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், அதுவும் எழுந்து கூடவே போனது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், அதுவும் உட்கார்ந்தது.

"என்னடி மாடத்தி, உனக்கு மட்டும் மழை இருட்டிக்கிட்டு வருது?" என்றார் கத்தரிக்காய் கோயில்பிச்சை.

"ஆமா, உமக்கும் வேணும்னா ரெண்டு கட்டுக் கீரை வாங்கிட்டு உள்ள வந்து நில்லும்" என்றாள் மாடத்தி. அன்றைக்கு அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் அது வியாபார நேரம்.

ஊர் அந்த இருட்டை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் மாடத்தியைப் பார்த்துவிட்டு, கூட்டிப்போனவர்களுக்குக் கண்ணில் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்தார். போலீஸ்காரர் வந்து, பொது இடத்தில் வெளிச்சம் போடுவதற்கு அனுமதி வேண்டும், இருட்டு வைத்துக்கொள்வதற்கு எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போனார். மின்வாரியத்திலிருந்து வந்த ஆள் இருட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்கு" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். முட்டை ராசம்மாளின் கோழிகள் அவள் பக்கத்தில் நின்றாலே இராத்திரி என்று எண்ணித் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. வைரவனின் இருட்டுக்குள் கோயில் வௌவால்கள் இரண்டு வந்து தொங்கின, அவன் அவற்றை விரட்டவில்லை. தூங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் செண்பகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் தொம்மையைக் கூலிக்குக் கூப்பிட்டு வீட்டில் உட்காரவைத்தார்கள். மனைவிக்குத் தெரியாமல் பீடி குடிக்கிறவர்கள் சூசையம்மாளின் கருவாட்டு நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு அவளிடம் வந்து ஒண்டினார்கள். காதலிக்கிற பிள்ளைகள் வந்ததையும் நான் பார்த்தேன், எத்தனை ஜோடி என்று சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கீரை. பொழுது ஏறியதும் துவண்டு தொங்கும் அரைக்கீரை, மாடத்தியின் இருட்டுக்குள் சாயங்காலம்வரை பனித்துளியோடு நிமிர்ந்து நின்றது. மல்லி பறித்த மணம் போகாமல் இருந்தது. பிச்சிப்பூ மொட்டு விரியாமல் விளக்கு வைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தது. வெற்றிலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. ஊர்ப் பெண்கள் சாயங்காலம் சாவகாசமாக வந்து, இருட்டுக்குள் கையை விட்டுத் தடவிப்பார்த்து வாங்கிப் போனார்கள்.

அதே வேளையில் பெரியவர்கள் பதினெட்டுப் பேரும் புதுக் கட்டிடத்தில் இருந்தார்கள். அதிகாரி வேதநாயகம் இரண்டு படத்தையும் மேஜையில் வைத்து ஒப்பிட்டு, இரண்டிலும் தெரிந்த பதினெட்டு முகங்களுக்குத் தற்காலிகச் சாவி கொடுத்திருந்தார். மீதி ஒன்பது கடையையும் இடித்து ஒரே கிட்டங்கியாக்கித் தம் வெங்காயத்தைப் போட ஆவுடையப்பன் சுவரை அளந்து வைத்திருந்தார். ஆனால் புதுக் கட்டிடத்துக்கு நகராட்சி போட்டிருந்த கூரை, வெளிச்சம் வரட்டும் என்று போட்ட கண்ணாடி மாதிரித் தகடு. வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சத்துக்குப் போகத் தெரியவில்லை. கொம்பையாவின் தக்காளி கூடைக்குள்ளேயே ரசமாகியது. வெங்காயம் முளைவிட்டது. வாழைக்காய் ஒரே பகலில் பழுத்து, மறுபகலில் கறுத்தது. எலுமிச்சம்பழம் கோலிக்குண்டாகச் சுருங்கியது. தங்கக்கோட்டுக்காரர்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, எதிரே திடலில் ஒன்பது இருட்டுகள் குளிர்ந்து கிடப்பதையும் அவற்றைச் சுற்றி ஊரே நிற்பதையும் வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மாடத்திக்கு உட்கார இடம் மாதக் கடைசிவரைதான். இருட்டு கூடவே வரும், சரி. எங்கே போய் உட்காருவது? வேலி போடுகிறவர்கள் கல்தூண்களைக் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்ததும் அவள் நகராட்சி ஆபீசுக்குப் புறப்பட்டாள். எண்ணிக்கை கேட்டால் சொல்லத் துணைக்கு வா என்று என்னையும் அழைத்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"ஐயா, டிஜிட்டல்ல நாங்க இருக்கோம். பிலிம்ல லென்ஸு எங்களை முழுங்கிட்டு. லென்ஸு பண்ணுன தப்புக்கு நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா?"

அதிகாரி மனுவை வாங்கினார். மாடத்தி மேஜைக்குப் பக்கத்தில் நின்றதால் இருட்டு மனுவின்மேல் விழுந்தது, எழுத்துத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். அந்தக் குளிர்ச்சி அவர் நெற்றியில் பட்டது. போன ஊர் விசாரணை ஆரம்பித்ததிலிருந்து தூக்கம் இல்லாதவர் அவர். மனுவின்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனார். மாடத்தி நகரவில்லை. குமாஸ்தாக்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். விழித்தபோது அவர் முகம் பத்து வயது குறைந்து இருந்தது.

"பழைய படம் ரத்து" என்றார். "அதே லென்ஸில் எல்லாரும் மறுபடி நில்லுங்கள். இரண்டு படத்திலும் முகம் தெரிகிறவர்களுக்குக் கடை. அதுதான் கடைசி, அதற்குமேல் என்னிடம் யாரும் வரக்கூடாது."

செய்தி புது மார்க்கெட்டுக்குப் போனதும் பெரியவர்கள் சண்டைக்குக் கிளம்புவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரித்தார்கள். சங்கக் கூட்டம் கூடியது. ஜெபக்கனி எழுந்து, "அந்தப் பழைய அம்பது எம்.எம். லென்ஸை அதிகாரிகிட்டக் கேட்டுப் போட்டுக்கிட்டா எல்லாரும் விழுவாவ, ஒருத்தருக்கும் பிரச்சினை இல்ல" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது, உக்காரு" என்றார் ஆவுடையப்பன். "எல்லாரும் விழுந்தா இருட்டு யாருக்கு வரும்? வே, கேளும். வட்டத்தோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கா? அந்த விளிம்புலதான் நாம நிக்கப்போறோம். முகம் வட்டத்துக்குள்ள, முதுகும் கூடையும் வட்டத்துக்கு வெளிய. முகத்துக்குக் கடை, முதுகுக்கு இருட்டு. ரெண்டுக்கும் பொருந்துத லென்ஸுன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"அப்பன்னா அந்த ஒம்பது பேரு?" என்றார் மைதீன் பிச்சை.

"நடுவுலதான் எடம் காலியா கெடக்குமே."

கைதட்டினார்கள். இதற்குப் பெயர் அவர்களிடத்தில் யோசனை.

படம் எடுக்கும் நாள் காலையிலேயே ஜெபக்கனியைக் கேமராவுக்குள் கண்ணை வைக்கச் சொல்லி, அவள் கைகாட்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புக்கோடு போட்டார்கள். மேல்மூலைகளுக்காக மர பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். உருளைக்கிழங்குக்காரர் கீழ்மூலையில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். பூலுடையாரின் மகன்கள் யார் கோட்டுக்கு அந்தப்பக்கம் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கொம்பையா கூடை ஒன்றுக்கு மூன்றாக முதுகில் கட்டிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறினார். இருட்டு எத்தனை கூடைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாதே. போன தடவை நடு நாற்காலிக்காக ஒருவர் மடியில் ஒருவர் உட்காரத் தயாராக இருந்தவர்கள், நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டு மூலைக்கு ஓடினார்கள்.

மாடத்தி வந்தபோது அவள் மூலையில் ஆவுடையப்பன் சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, இது என் எடம்லா?"

"பட்டா வச்சிருக்கியோ? நடுவுல நாற்காலி ஏழும் காலியாத்தானே கெடக்கு. போயி உக்காரு தாயி, சும்மா ஜம்முன்னு உக்காரு."

"நாற்காலியிலயா? நீங்க இருக்கும்போதா?" என்று கேட்ட மாடத்தி சுற்றிலும் பார்த்தாள். "அண்ணாச்சி சொன்னதை எல்லாரும் கேட்டுக்கிட்டீயளா? பொறவு ஒருத்தரும் மாடத்தி திமிர்பிடிச்சு உக்காந்தான்னு சொல்லக்கூடாது."

அவள் மதினி தயங்கினாள். "மைனி, நடுவுல உக்காந்தா இருட்டு போயிருமே. அப்பொறம் கீரை?"

மாடத்தி தன் இருட்டைக் கையால் ஒருமுறை தடவினாள், மாட்டைத் தடவுவதுபோல். "போனா போவுது. இருட்டுல உக்காரவும் தரை வேணும்ட்டி. வா."

ஏழு நாற்காலியில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள், சூசையம்மாளின் மகளும் தொம்மையும் முன்னால் தரையில். அவர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தாள். கோயில்பிச்சையின் மனைவி அன்னத்தாய், போன தடவை எங்கே நின்றாளோ அங்கேயே.

"ஏட்டி, இங்கன வா" என்று மேல்மூலைப் பெஞ்சிலிருந்து கத்தினார் கோயில்பிச்சை. "கோட்டுல நில்லு, கோட்டுல!"

"நீரே நில்லும். கத்தரிக்கா வாடுனா வாடிட்டுப் போவுது. இந்த வெயில்ல பெஞ்சிமேல ஏறி உம்ம முதுகைக் கட்டிப்புடிச்சிட்டு நிக்க என்னால ஆவாது."

எல்லாரும் சிரித்தார்கள். கோயில்பிச்சையும் சிரித்தார்.

நான் எண்ணினேன். மூலைகளில் பதினேழு, நடுவில் பத்து. சுண்ணாம்புக்கோட்டின்மேல் பதினேழு முகங்களும் ஒழுங்காக உள்பக்கம் இருந்தன. ஜெபக்கனி கேமராவில் குனிந்து, "அசையாதீங்க" என்றாள்.

அங்கேதான் அவர்களுடைய பிழைப்பு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. தராசு முள் நடுவில் நின்றால் கை சும்மா இருக்காத இனம் அது. எடைபோடும்போது சுண்டுவிரலால் தட்டை ஒரு பொட்டு அழுத்தினால்தான் அவர்களுக்கு வியாபாரம் செய்த திருப்தி. பக்கத்தில் இருப்பவர் தன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டில் நிற்கிறாரோ என்று கொம்பையாவுக்குத் தோன்றியது. ஒரு பொட்டு வெளியே நகர்ந்தார். அதைப் பார்த்து மைதீன் பிச்சை ஒரு பொட்டு நகர்ந்தார். எலுமிச்சம்பழச் சகோதரர்கள் மூவரும் வரிசையாக நகர்ந்தார்கள். பழக்கடைக்காரர்கள் நகர்ந்தார்கள். கீழ்மூலையில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன், தலைவர் அல்லவா, இரண்டு பொட்டு நகர்ந்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களை எண்ணத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், கோட்டைப் பார்க்க அல்ல. ஜெபக்கனி அமுக்கினாள்.

பிறகு டிஜிட்டலில் ஒன்று. அதில் இருபத்தேழு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள்.

சாயங்காலம் காகிதம் தட்டில் மிதந்தபோது, மாடத்தியைவிட்டு இருட்டு கிளம்பியது. சொல்லிக்கொண்டு போவதுபோல் கீரைக் கட்டுகளை ஒருமுறை சுற்றிவிட்டு, தெருவைக் கடந்து, புது மார்க்கெட்டின் வாசலில் காத்திருந்த பதினேழு பேரின்மேல் போய் இறங்கியது. ஒன்பது பேரிடமிருந்து கிளம்பியது பதினேழாகப் பெருகி வந்து இறங்கியது. இது பக்கத்தில் உட்காரவில்லை. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது என்பதாலோ என்னவோ, தலையிலிருந்து இடுப்புவரை முழுசாகக் கவிழ்ந்தது.

அதிகாரி மேஜையில் இரண்டு படமும் இருந்தன. ஆவுடையப்பன் வந்து நின்றதும் அறை இருண்டது.

"ஐயா, டிஜிட்டல்ல நான் இருக்கேன் பாருங்க. மொத ஆளா இருக்கேன்."

"இருக்கிறீர்கள். பிலிமில் எங்கே?"

"இந்தா, இந்த மூலையில இருக்கேன். கறுப்பா இருக்குல்லா, அது நான்தான்."

"கறுப்புக்கெல்லாம் கடை கொடுத்துத்தான் போன ஊரில் மாட்டினேன்" என்றார் வேதநாயகம். "இரண்டுக்கும் பொருந்துகிற லென்ஸ் என்று நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்?" அதற்குள் அவருக்குக் கண் சொருகியது. ஆவுடையப்பன் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் குறட்டைக்குத்தான் கேட்டது.

பதினேழு பேரும் தற்காலிகச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பழைய திடலிலேயே போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் சரக்கு கெடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தக்காளி அன்று பறித்ததுபோல் இருந்தது, வெங்காயம் கல்லாக இருந்தது. ஆனால் அது தக்காளியா வெங்காயமா என்று யாருக்கும் தெரியவில்லை. தராசு தெரியவில்லை. முகம் தெரியாத ஆளிடம் காய் வாங்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. மாடத்தியிடம் தடவிப்பார்த்து வாங்கிய அதே கைகள் இங்கே சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு விலகிப்போயின. யார் இருட்டுக்குள் யார் கூடை இருக்கிறது என்று உள்ளுக்குள் சண்டை. வேலிக்காரர்கள் தூண் நட வந்தபோது, அங்கே ஆட்கள் இருப்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

புதுக் கட்டிடத்தில் பத்துக் கடைகள் திறந்தன. வெளிச்சம் அவர்களையும் விடவில்லை. பொழுது ஏறியதும் அரைக்கீரை தலையைத் தொங்கப்போட்டது. மாடத்தி கூரையைப் பார்த்துக் காது கூசுகிற மாதிரி வைதுகொண்டே கோணியை நனைத்து மேலே கட்டினாள். மிச்சத்தைச் சாயங்காலம் பாதி விலைக்குக் கூவி விற்றாள். அன்னத்தாய் தன் கடையில் கத்தரிக்காய் அடுக்கி, முதல் வேலையாகப் புருஷனுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டாள். உள்ளே வந்தால் கடை இருண்டுவிடும் என்பதால் கோயில்பிச்சைக்கு வாசலுக்கு மேல் அனுமதி இல்லை.

ஒருநாள் மாடத்தி கடைக்கு முன்னால் ஓர் இருட்டு வந்து நின்றது. தொண்டையைக் கனைத்ததில் ஆவுடையப்பன் என்று தெரிந்தது.

"மாடத்தி, உன் கடையில எனக்கு ஒரு மூலை குடேன். நாலு மூட்டை போடுத அளவுக்குப் போதும்."

"மூலை மேல உங்களுக்கு இன்னும் ஆசை தீரலியா அண்ணாச்சி?" என்றாள் அவள், கீரையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தாமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வாங்க வாறவங்களுக்கு என் மூஞ்சி தெரியணும்."

அந்த வாரக் கடைசியில் அதிகாரி பூட்டுகளோடு வந்தார். கணக்கை எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிடத்தை ஒருமுறை சுற்றி வந்தேன், சந்தேகத்துக்கு இன்னொருமுறையும் சுற்றி வந்தேன். கடைகள் இருபத்தேழு. ஆள் உட்கார்ந்திருந்தவை பத்து. பூட்டுப் போட மிஞ்சியவை பதினேழு.